டாக்டர் சாப்பிடும் நேரம்

நுன்சியாவை ஆல்டன்ஷாவில் யாரும் நுன்சியா என்று கூப்பிட்டதில்லை. கம்பளி மில்லில் சேர்ந்த முதல் நாளே மேஸ்திரி அவள் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "நான்சின்னு வெச்சுக்கலாமா கண்ணு? உனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?" என்று கேட்டார். அந்த ஊரில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லவேண்டும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. "இருக்கு" என்றாள். மேஸ்திரி சிரித்தார். "நல்ல பொண்ணு" என்று சொல்லிவிட்டு நான்சி என்று எழுதிக்கொண்டார்.

அது 1951. யார்க்‌ஷயர் மில்களுக்கு ஆள் எடுத்தபோது, இத்தாலியின் தெற்கே ஒரு மலைக்கிராமத்திலிருந்து ஒரு பெட்டியோடு ரயிலேறி வந்தவள். வயது இருபத்திரண்டு. அவள் ஊரில் ஒருவருக்கு வயிற்றுவலி என்றால் தெருவே வந்து கட்டிலைச் சுற்றி நிற்கும். புருஷன் பெண்டாட்டி சண்டையை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் போடுவார்கள். இல்லாவிட்டால் நியாயம் யார் பக்கம் என்று எதிர்வீட்டுக்கு எப்படித் தெரியும்? சாவு விழுந்தால் பெண்கள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு, போனவர் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுவார்கள். ஒரு வாரத்துக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கம்தான் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவரும்.

ஆல்டன்ஷாவில் எல்லாமே நேர்மாறு. "எப்படி இருக்கே?" என்று கேட்டார்களே என்று அவள் தன் பல்வலியைச் சொல்ல ஆரம்பித்தாள். கேட்டவள் பஸ் வந்துவிட்டதுபோல் ஓடினாள். பஸ் எதுவும் வரவில்லை. யாராவது காலை மிதித்தால் மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்டார். கடையில் வரிசையில் நிற்காமல் முன்னால் போனால் யாரும் திட்டவில்லை, ஆனால் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அந்தப் பெருமூச்சுக்குச் செருப்படியே மேல் என்று நுன்சியாவுக்குத் தோன்றியது.

கிளிஃபர்ட் ஆக்ராய்டை அவள் சந்தித்தது பஸ் டெப்போ வாசலில். அவன் அங்கே மெக்கானிக். நெட்டையன், சிவந்த கழுத்து, எண்ணெய்க் கறை போகாத நகங்கள். பதினெட்டு மாதம் சனிக்கிழமைதோறும் அவளை சினிமாவுக்கு அழைத்துப் போனான், மில் விடுதி வாசல்வரை கொண்டுவந்து விட்டான், தொப்பியை எடுத்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். அவள் ஊர்ப் பையன்களாக இருந்தால் அதற்குள் இரண்டு தடவையாவது கிணற்றில் குதிக்கப்போவதாக மிரட்டியிருப்பார்கள். கடைசியில் ஒரு சனிக்கிழமை, விடுதிப் படியில் நின்றுகொண்டு, அவளைப் பார்க்காமல் தெருவிளக்கைப் பார்த்துச் சொன்னான்:

"உனக்கு வேற ஒண்ணும் திட்டம் இல்லைன்னா, நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா பரவாயில்லைன்னு தோணுது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகுதான் அவன் காதுகள் இரண்டும் பழுத்த தக்காளி மாதிரி சிவந்திருப்பதைக் கவனித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. இவன் ஆழமான கிணறு, தண்ணீர் அடியில் நிறைய இருக்கிறது, என்றைக்காவது மேலே வரும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு பெண் தன் வாழ்நாளை வைத்துச் சூதாடுவதற்கு இந்த நினைப்பு ஒன்று போதும்.

கல்யாணமாகிக் குடிவந்த தெருவில் பக்கத்து வீடு எடித் சக்டனுடையது. "ஒருநாள் டீ குடிக்க வாங்களேன்" என்றாள் எடித், முதல் வாரமே. நுன்சியா மறுநாளே ஒரு தட்டு நிறைய பாதாம் பிஸ்கட் செய்து எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். எடித் கதவைத் திறந்து, "அடடா, எவ்வளவு சந்தோஷம்!" என்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தால் வீட்டுக்குள் போலீஸ் வந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். டீ கொடுத்தாள், அரைமணி நேரம் மழையைப் பற்றிப் பேசினாள். எடித் கெட்டவள் இல்லை. அதைச் சொல்லியாகவேண்டும். அந்தத் தெருவில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை, அதுதான் இந்தக் கதையின் தலையெழுத்தே.

மார்ட்டின் பிறந்தது 1955-இல். அப்பாவின் நீளக் காலும் அம்மாவின் வாயுமாக வளர்ந்தான். ஐந்து வயதிலேயே கையை ஆட்டி ஆட்டிப் பேசுவான். பள்ளிக்கூடத்து டீச்சர் கையை மடியில் வைக்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். அந்த வீட்டில் மொழிபெயர்ப்பாளன் அவன்தான். சாப்பாட்டு மேசையில் கிளிஃபர்ட் தட்டைப் பார்த்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருப்பான், நுன்சியா கோபம் தலைக்கேறி கரண்டியைப் போடுவாள், பையன் நடுவில் புகுவான்.

"அம்மா, அப்பாவுக்குக் கோவம் இல்லம்மா. சந்தோஷமா இருக்காரு."

"இதுவா சந்தோஷம்? இந்த மூஞ்சியா?"

"மூஞ்சியைப் பார்க்காதே. காதைப் பாரு. காதைத் தேய்க்கிறாரு பாரு, அப்போ சந்தோஷம்னு அர்த்தம்."

கிளிஃபர்ட் தேய்த்துக்கொண்டிருந்த காதிலிருந்து கையை அவசரமாக எடுத்துவிடுவான். அம்மாவும் பிள்ளையும் சிரிப்பார்கள். அந்தப் பதினோரு வருடம் நுன்சியா இங்கிலாந்தை வெறுக்கவில்லை.

1966 பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் மார்ட்டின் தலைவலி என்றான். பத்து மணிக்கு வாந்தி எடுத்தான். பதினொன்றரைக்கு ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, திரையைப் போடுங்கள் என்று அழுதான். கழுத்தை வளைக்க முடியவில்லை.

"டாக்டரைக் கூட்டிட்டு வா. இப்பவே போ."

வீட்டில் டெலிபோன் கிடையாது. டாக்டர் ஹார்க்ரீவ்ஸின் வீடு மூன்று தெரு தள்ளி. கிளிஃபர்ட் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் கதவுவரை போனான். அங்கே நின்று கடிகாரத்தைப் பார்த்தான். மணி பன்னிரண்டே முக்கால்.

"இப்போ அவரு சாப்பிட்டுக்கிட்டு இருப்பாரு" என்றான். "ஞாயித்துக்கிழமை. மகன், மருமக, பேரப்பிள்ளைங்க எல்லாம் வந்திருப்பாங்க."

"அதனால?"

"அந்த நேரத்துல போய் நிக்கறது நல்லா இருக்காது. நாளைக்குக் காலையில கிளினிக் திறந்ததும் முதல் ஆளா போயிடறேன். இது ஃப்ளூதான் நான்சி. ஊரெல்லாம் இருக்கு."

அவள் கத்தினாள். தன் மொழியில் கத்தினாள், அவன் மொழியில் கத்தினாள். தானே போகிறேன் என்று ஒரு காலில் ஷூவை மாட்டினாள். சத்தம் கேட்டு எடித் பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். பையன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "எங்க பக்கத்துல ரெண்டு குழந்தைக்கு இப்படித்தான் இருந்துச்சு கண்ணு. தூங்கி எழுந்தா சரியாயிடும். பாவம், அந்த மனுஷனுக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் நிம்மதியா சாப்பாடு" என்றாள். மென்மையாகத்தான் சொன்னாள். நுன்சியாவின் அடுப்பிலும் மாட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது, தெரு முழுக்க அதே வாசனை, எல்லா வீட்டிலும் எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரம். இங்கிலாந்துக்கு வந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. ஊருக்குப் புதிதாக வந்தவளாக இருந்தால் நுன்சியா போயிருப்பாள். அவள் மாட்டிய ஷூவைக் கழற்றினாள்.

திங்கட்கிழமை காலையில் மார்ட்டின் கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. டாக்டர் கோட்டுகூடப் போடாமல் ஓடிவந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். மாலை ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் ஹார்க்ரீவ்ஸ் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார். "நேத்தே கூப்பிட்டிருக்கலாமே, ஆக்ராய்ட். நான் சும்மாதான் இருந்தேன்."

"உங்களைத் தொந்தரவு பண்ணவேண்டாம்னு பார்த்தோம், டாக்டர்."

"நல்ல மனசு உங்களுக்கு" என்றார் டாக்டர். சொன்ன பிறகு அவர் முகமும் வெளுத்துப்போனது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அடக்கத்தின்போது நுன்சியா தன் ஊர்ப் பெண்கள் அழுவதுபோல் அழுதாள். மார்ட்டினோ, என் மார்ட்டினோ என்று பெட்டியின்மேல் விழுந்து அழுதாள். கல்லறையைச் சுற்றி நின்ற நாற்பது பேரும் தங்கள் ஷூக்களைப் பார்த்தார்கள். கிளிஃபர்ட் அசையாமல் நின்றான். எடித்தான் வந்து முழங்கையை மெல்லத் தொட்டாள். "வா கண்ணு. சூடா ஒரு டீ குடிச்சா தெம்பா இருக்கும்." வீட்டில் பன்றிக்கறி சாண்ட்விச் வைத்திருந்தார்கள். கறி நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கோட்டை எடுத்துக்கொண்டு, அதிக நேரம் இருந்து உபத்திரவம் தரக்கூடாது என்று, நான்கு மணிக்குள் போய்விட்டார்கள்.

அனுதாபக் கார்டுகள் முப்பத்தொன்று வந்தன. எல்லாவற்றிலும் லில்லிப் பூ. ஒன்றிலும் மார்ட்டின் என்ற பெயர் இல்லை. அதற்கப்புறம் இன்னும் மோசம். தெருவில் அவள் வருவதைக் கண்டால் ஆட்கள் எதிர்ச்சாரிக்குத் தாண்டிப்போனார்கள். தன்மேல் வெறுப்பு என்று நினைத்தாள் நுன்சியா. ஒருநாள் துணி உலர்த்தும்போது வேலிக்கு இந்தப் பக்கமிருந்து எடித்தை நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏன் யாருமே என் பிள்ளையைப் பத்திப் பேசமாட்டேங்கிறீங்க?"

எடித்தின் கண் கலங்கிவிட்டது. "பேரைச் சொன்னா உனக்கு ஞாபகம் வந்துடுமே கண்ணு."

"எனக்கு மறந்தாத்தானே ஞாபகம் வர்றதுக்கு?"

எடித் ஒரு கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டாள். இன்றைக்குத் துணி காயாது போலிருக்கிறது என்றாள்.

ஊர் போகட்டும். ஊருக்காக அவள் ஏங்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் ஒரே ஒரு ஆளிடமிருந்து. நாம போயிருக்கணும் நான்சி. அவ்வளவுதான். அதை அவன் ஒருமுறை வாய்திறந்து சொன்னால் அவளும் சொல்லுவாள்: ஆமாம், நானும் ஷூவைக் கழற்றினேன், நானும் போகவில்லை. இருவரும் கட்டிக்கொண்டு அழலாம். பிறகு எப்படியாவது உயிரோடு இருந்துவிடலாம். அதைச் சொல்லாமல் அந்த வீட்டில் இருப்பது, மூச்சுமுட்ட மூடிய அறையில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது.

முதல் வருடத்தில் மூன்று தடவை அவள் பேச்சை எடுத்தாள். முதல் தடவை கிளிஃபர்ட் கூரைக் குழாயில் இலை அடைத்திருக்கிறதா பார்க்கப் போனான். இரண்டாம் தடவை கொட்டகையில் மார்ட்டினின் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு, சாக்கைப் போர்த்திவிட்டு வந்தான். மூன்றாம் தடவை அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "உனக்குள்ள ஒண்ணுமே இல்லையா? கல்லா நீ?" அவன் நின்று வாங்கிக்கொண்டான். "உனக்கு டீ போட்டு எடுத்துட்டு வரேன்" என்றான்.

அந்த அக்டோபரில் அவன் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தான். கறுப்பும் வெள்ளையுமான ஆட்டுநாய்க்குட்டி. பெஸ் என்று பெயர் வைத்தான். பிள்ளை போன இடத்தில் நாயா என்று நுன்சியாவுக்கு வயிறு எரிந்தது. ஆனால் நாய் என்ன பாவம் செய்தது? வந்த இரண்டாம் நாளே அவள் காலடியில்தான் படுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சர்ச்சுக்குப் போய், அங்கிருந்து கல்லறைக்குப் பூ எடுத்துப்போவாள். கிளிஃபர்ட் பெஸ்ஸைக் கூட்டிக்கொண்டு மேட்டிலுள்ள நீர்த்தேக்கத்துக்கு நடப்பான். கல்லறைக்கு அவன் ஒருநாளும் வந்ததில்லை.

வருடங்கள் போயின. நுன்சியா தேறிவிட்டாள் என்று தெரு சொன்னது. உண்மையில் அவள் கற்றுக்கொண்டாள். எப்படி இருக்கே என்றால் பரவாயில்லை என்றாள். கை இரண்டும் மடியில் இருந்தன. 1972-இல் ஊரிலிருந்து அவள் தங்கை இரண்டு வாரம் தங்க வந்தாள். மூன்றாம் நாள் சமையலறையில் நின்று, "அக்கா, உனக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? ஏன் இப்படி மெதுவாப் பேசறே? ஒரு பேச்சுக்குக்கூட என்னைத் திட்டமாட்டேங்கிறியே?" என்று அழுதாள். நுன்சியா அவளுக்கு டீ போட்டுக்கொடுத்தாள்.

1979 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் கொதிகலன் கெட்டுப்போய்ப் பூசை சீக்கிரம் முடிந்துவிட்டது. கல்லறைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தால், கிளிஃபர்டின் மஃப்ளர் ஆணியிலேயே தொங்குகிறது. வெளியே காற்று ஊசியாய்க் குத்தியது. அவனுக்கு மார்ச்சளி வேறு. மஃப்ளரை எடுத்துக்கொண்டு நுன்சியா மேட்டுப் பாதையில் ஏறினாள்.

நீர்த்தேக்கத்தின் கரையில், கல்சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு. கிளிஃபர்ட் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெஸ் அவன் பக்கத்தில் பெஞ்சின்மேலேயே உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு வயதுக் கிழநாய், மூஞ்சி நரைத்துவிட்டது. யாரோ பேசும் குரல் கேட்டது. யாரென்று நுன்சியா சுற்றுமுற்றும் பார்த்தாள். யாருமில்லை. அவள் புருஷன்தான் பேசிக்கொண்டிருந்தான். இத்தனை வருடத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"நம்ம பயலுக்கு இருபத்தி நாலு ஆகியிருக்கும்டி பெஸ், அடுத்த மாசம். இருபத்தி நாலு! கல்யாணமே ஆகியிருக்கும். வாயாடி, எவளாவது சிக்கியிருப்பா." நாயின் காதைத் தடவினான். "அன்னிக்கு வாசக்கதவு வரைக்கும் போயிட்டேன்டி. கையை கதவுமேல வெச்சுட்டேன். உங்கம்மா போ போன்னு கத்தினா. அவளுக்குத் தெரிஞ்சிருந்துது. நான்தான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூணு தெரு. ஓடியிருந்தா நாலு நிமிஷம். அந்த ஆளோட சோறு ஆறிடுமேன்னு பார்த்தேன்டி நான். என் பிள்ளை மார்ட்டின் அங்க படுத்திருக்கான், நான் எவனோட சோத்துக்கோ காவல் நின்னேன்."

அவன் தோள்கள் குலுங்கின. நாய் அவன் கையை நக்கியது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"உங்கம்மாகிட்ட சொல்லணும். எத்தனை தடவை நினைச்சிருக்கேன். ஆனா அவ இப்பத்தான் கொஞ்சம் தேறியிருக்கா. எதுக்கு மறுபடியும் கிளறிவிடணும்? வேணாம். நமக்குள்ளயே இருக்கட்டும், என்ன?"

நுன்சியா சுவருக்குப் பின்னால் நின்றாள். பதின்மூன்று வருடமாக அவள் காத்திருந்த வாக்கியம் பத்தடி தூரத்தில் ஒரு நாயின் காதில் போய்க்கொண்டிருந்தது. மலைக்கிராமத்து நுன்சியாவாக இருந்தால் அந்தச் சுவரைத் தாண்டிக் குதித்திருப்பாள். அவன் நெஞ்சில் குத்தியிருப்பாள், பிறகு அதே நெஞ்சில் முகம் புதைத்திருப்பாள். இவள் யோசித்தாள். ஒட்டுக்கேட்டோம் என்று தெரிந்தால் அவன் கூசிப்போய்விடுவான் என்று யோசித்தாள். அழும் மனிதன் முன்னால் திடுதிப்பென்று போய் நிற்பது நன்றாக இருக்காது என்று யோசித்தாள். நன்றாக இருக்காது! யாருடைய வார்த்தை இது என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் கால் எழும்பவில்லை. மஃப்ளரோடு இறங்கி வீட்டுக்கு வந்து, அதை ஆணியில் எப்படித் தொங்கியதோ அப்படியே மாட்டினாள்.

ஒரு மணிக்கு அவன் வந்தான்.

"நடை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"பரவாயில்லை. கொஞ்சம் சேறு."

ஆனாலும் அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு நப்பாசை. உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. வெளியே வருவதுதான் பாக்கி. தானாகச் சொல்லட்டும், அவனுக்கு வாகாக வழிசெய்து கொடுப்போம் என்று நினைத்தாள். படுக்கையறையில் இருந்த மார்ட்டினின் பள்ளிக்கூடப் படத்தைக் கொண்டுவந்து முன்னறையில் கணப்பு மேடையில் வைத்தாள். கிளிஃபர்ட் பார்த்தான். கடிகாரத்தை ஒரு சாண் நகர்த்தி, படத்துக்கு நல்ல இடமாகச் செய்துகொடுத்தான். மார்ட்டினின் பிறந்தநாளன்று கேக் செய்து மேசையில் வைத்தாள். அவன் ஒரு துண்டு சாப்பிட்டான், நன்றாயிருக்கிறது என்றான், பெஸ்ஸுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டான். இப்படியே ஒரு வருடம் போயிற்று. நாயைப் பார்த்துப் பொறாமைப்படும் பெண்ணை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நுன்சியா பட்டாள்.

1980 மே மாதம், ஞாயிறு மத்தியானம், வறுத்த இறைச்சியை அவள் மேசைக்குக் கொண்டுவரும்போது பெஸ் எழுந்து நிற்க முயன்று அப்படியே சரிந்தது. வாயில் நுரை. கிளிஃபர்ட் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். நாயை இரண்டு கையிலும் அள்ளினான். தொப்பி இல்லை, கோட்டு இல்லை, காலில் வீட்டுச்செருப்பு. ஐம்பத்தேழு வயது மனிதன் தெருவில் ஓடினான். நுன்சியா பின்னாலேயே ஓடினாள். கால்நடை டாக்டர் வீடு மலையடிவாரத்தில். கிளிஃபர்ட் நாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு முஷ்டியால் கதவை இடித்தான். கண்ணாடி அதிர்ந்தது.

"திறங்க! யோவ், திறங்க!"

கால்நடை டாக்டர் சட்டைக்காலரில் செருகிய துணியோடு, மென்றுகொண்டே வந்து திறந்தார். "என்ன ஆக்ராய்ட் இது, சாப்பிட்டுக்கிட்டு..."

"சாப்பாடு கிடக்கட்டும்! இவளைப் பாருங்க!"

பார்த்தார். ஒன்றும் செய்வதற்கில்லை. ஒரு ஊசி போட்டார். கிளிஃபர்ட் வீட்டுச்செருப்போடு அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து, போவோர் வருவோர் பார்க்க, வாய்விட்டு அழுதான்.

திங்கட்கிழமை தெருவே வந்தது. பதினான்கு வருடத்துக்கு முன்னால் எதிர்ச்சாரிக்குத் தாண்டிப்போன அதே ஆட்கள். பெயரைச் சொல்லியே பேசினார்கள். "பெஸ் மாதிரி வராது கிளிஃப்." "பெஸ் எப்படி வாலாட்டும்!" ஒருவர் கிளிஃபர்டின் தோளில் கைகூட வைத்தார். கிளிஃபர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான், தலையாட்டினான், நன்றி சொன்னான். கடைசியாக எடித் ஒரு பழக்கேக்கோடு வந்து முன்னறையில் உட்கார்ந்தாள். "மனுஷங்களைவிட மேலு. வீட்டுல ஒரு ஆள் போன மாதிரி இருக்கும், இல்ல?" என்றாள்.

நுன்சியா டீத்தட்டோடு கதவில் நின்றிருந்தாள். தட்டு கீழே விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

"வீட்டுல ஆள் போச்சு!" என்று கத்தினாள். கை இரண்டும் மேலே எழுந்துவிட்டன. "மார்ட்டின் போனான்! அவனுக்கு ஒருத்தர் இப்படி வந்து பேசினீங்களா? அவன் பேரை ஒருத்தர் சொன்னீங்களா? நீ சொன்னியா?" கிளிஃபர்ட் பக்கம் திரும்பினாள். "நாய்க்குக் கதவை உடைச்சியே! டாக்டர் சாப்பிட்டா என்னன்னு கத்தினியே! என் பிள்ளைக்கு அந்தக் கதவைத் தட்டினியா? மார்ட்டினுக்குத் தட்டினியா?"

கணப்பு மேடையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எடித் தன் மடியைப் பார்த்தாள். கிளிஃபர்டின் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் உதடு அசைந்தது. நுன்சியா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இதோ வருகிறது, வந்துவிட்டது என்று நினைத்தாள். கிளிஃபர்ட் குனிந்து உடைந்த கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

"மன்னிச்சுக்கோங்க எடித்" என்றான். "அவளுக்கு பெஸ்னா உசிரு."

"புரியுது, புரியுது. பாவம். நான் போய் டீ போடட்டுமா?"

"தொந்தரவு எதுக்கு?"

"தொந்தரவெல்லாம் ஒண்ணும் இல்லை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நுன்சியா சர்ச்சுக்குப் போகவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, "நானும் வரேன்" என்றாள். கிளிஃபர்ட் ஆச்சரியப்பட்டான், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் கோட்டுப் பாக்கெட்டில் நாயின் தோல்வார் சுருட்டி வைத்திருந்தது. மேட்டுப் பாதையில் ஒவ்வொரு மரப்படிக்கும் கை கொடுத்தான். பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெஸ் உட்கார்ந்த பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. அவள் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, தன் முழு தைரியத்தையும் திரட்டிக்கொண்டு சொன்னாள்:

"கிளிஃப். போன வருஷம் பிப்ரவரியில மஃப்ளரை எடுத்துக்கிட்டு இங்க வந்தேன். நீ பெஸ்கிட்ட பேசினதைக் கேட்டேன்."

அவன் சிலையாகிவிட்டான். "எவ்வளவு கேட்டே?"

"எல்லாத்தையும்."

அவள் அவன் கைமேல் கை வைத்தாள். அந்தக் கை பஸ் டெப்போவின் இரும்பைப்போல் சில்லிட்டிருந்தது. சொல், என்றது அவள் மனம். நாயிடம் சொன்னதை என்னிடம் சொல். அதே வார்த்தைகள் போதும். நானும் ஷூவைக் கழற்றினேன் என்று சொல்ல எனக்கு இடம் கொடு.

கிளிஃபர்ட் தண்ணீரைப் பார்த்தான். கழுத்து மெல்லச் சிவந்து, சிவப்பு காதுவரை ஏறியது.

"மன்னிச்சுக்கோ நான்சி" என்றான். "பக்கத்துல யாரும் இருக்காங்கன்னு எனக்குத் தெரியலை. உன் காதுல விழுந்திருக்கக்கூடாது."

"கிளிஃப், நான் அதுக்குச் சொல்லலை..."

"இல்ல, என் தப்புதான். இனிமே அப்படி நடக்காது." அவன் எழுந்தான். அவளை எழுப்பிவிட மரியாதையாகக் கையை நீட்டினான். "காத்து ஏறுது. போலாமா? உனக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கணும்னா இருப்போம். எனக்கு ஒண்ணும் இல்லை."

அவள் வாய்க்குள் ஆயிரம் வார்த்தை இருந்தது, இரண்டு மொழியிலும் இருந்தது.

"உனக்கு எப்படி வசதியோ" என்றாள்.

அதற்கப்புறம் கிளிஃபர்ட் நீர்த்தேக்கத்துப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தித்தாள் கடைவரை நடந்துவிட்டுத் திரும்பிவிடுவான். வேறொரு நாய் வாங்கிக்கொள்ளேன் என்று நுன்சியா கெஞ்சிப் பார்த்தாள். இந்த வயதில் வாங்கினால் பாவம் அந்த நாய்தான் கஷ்டப்படும் என்று சொல்லிவிட்டான். மேட்டுப்பக்கம் ஏன் இப்போதெல்லாம் காணோம் என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எடித் ஒருநாள் கேட்டாள். நுன்சியா பின்கட்டில் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். அவன் பதில் தெளிவாகவே காதில் விழுந்தது.

"நான்சிக்கு மனசு கஷ்டமா இருக்கும்" என்றான். "எதுக்கு அவளைத் தொந்தரவு பண்ணணும்?"